ஒரு மணி பன்னிரண்டாவது நிமிடம்

செவ்வாய்க்கிழமை, அரை விலை டிக்கெட்.
செபமாலை ட்ரக்கை வீட்டில் விட்டுவிட்டு
மனைவியின் காரில் வந்தான்.
ஸ்காபரோவில் பனி
விழவா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது.

மீன்கொத்தி திரும்ப வந்திருக்கிறான்,
இருபத்திரண்டு வருடம் கழித்து,
வயது மட்டும் பத்துக் குறைந்து.
முகம் வேறு. குரல் வேறு.
அதே அப்பா அதே ஏரியில்
இன்னொருமுறை மூழ்க வேண்டியிருந்தது.
அப்போது சாவதற்குக் கால் மணித்தியாலம் எடுத்த மனிதர்
இம்முறை பெயர்கள் ஓடி முடியுமுன் போய்ச் சேர்ந்துவிட்டார்.

உள்ளதைச் சொல்லவேண்டும்:
புதியவன் நல்லாய்ப் பறக்கிறான்.
பழையவனுக்கு இடுப்பில் கம்பி தெரியும்.
மழையில் நனைந்தால் இறக்கை
கொடியில் போட்ட சாரம் மாதிரித் தொங்கும்.
வில்லனுக்கும் இப்போது ஒரு நியாயம் இருக்கிறது.
பழைய வில்லன் சிரிக்க மட்டும் செய்தான்,
எதற்கென்று அவனுக்கே தெரியாமல்.

ஆனால் அந்தப் படத்தில்
எங்களுக்கு வேலை இருந்தது.

பே வீதியை ஓர் இரவுக்கு நியூயோர்க் ஆக்கினார்கள்.
மஞ்சள் டாக்சிகள் வந்தன.
நிலத்துக்கடியிலிருந்து புகை வந்தது.
ரொறன்ரோவின் அழுக்குப் போதாதென்று
மூட்டை மூட்டையாய்க் குப்பை கொண்டுவந்து
பார்த்துப் பார்த்துப் பரப்பினார்கள்.
விடிய அதைக் கூட்டி அள்ளிய கம்பனியிலும்
எங்கட பெடியள்தான்.

நான், செபமாலை, விமலநாதன்.
ஒரு நிலவறை, மூன்று மெத்தை,
மூன்று அகதி வழக்கு.
இரவுக்கு எண்பது டொலர், ஒரு சான்ட்விச்.
வேலை: ஓடுவது.
முன் அனுபவம் உண்டா என்று படிவத்தில் கேட்டிருந்தது.
விமலநாதன் "உண்டு" என்று எழுதினான்.

"அந்தக் கோபுரம் விழுகிறது" என்றாள்
ஒலிபெருக்கி பிடித்த பெண்.
"பயப்படுங்கள். கத்துங்கள். திரும்பிப் பார்க்காதீர்கள்."
விமலநாதன் திரும்பிப் பார்த்தான்.
கட்.
மறுபடி ஓடினோம்.
மறுபடியும் பார்த்தான்.
ஆறாவது தரம் அவள் கிட்ட வந்து
ஏன் என்று கேட்டாள்.
எங்களைக் காட்டி,
இருந்த ஆங்கிலத்தை எல்லாம் சேர்த்து,
"மை ஃப்ரெண்ட்ஸ். கமிங்? நாட் கமிங்?" என்றான்.

அவளுக்கு விளங்கியதோ,
விடியப்போகிறதே என்று விட்டாளோ.
படத்தில் அது இருக்கிறது.
ஒரு மணி பன்னிரண்டாவது நிமிடம்,
இடமிருந்து நாலாவது ஆள்,
செபமாலையிடம் இரவல் வாங்கிய சிவப்புத் தொப்பி.
என் ஒற்றைச் சப்பாத்து கழன்று போவதும் தெரியும்,
நிறுத்தி நிறுத்திப் பார்த்தால்.

நிறுத்தி நிறுத்தித்தான் பார்த்தோம்,
வழக்குத் தோற்று
அவனை பிளேனில் ஏற்றி அனுப்பிய கிழமை முழுக்க.
டிவிடி அந்த இடத்தில் கீறுப்பட்டு
இப்போது தானாகவே நிற்கிறது.

புதுப்படத்திலும் கோபுரம் விழுந்தது.
ஐயாயிரம் பேர் ஓடினார்கள்,
கணினி பெற்றெடுத்த சனம்.
ஒருவருக்கும் சப்பாத்துக் கழரவில்லை.
ஒருவரும் திரும்பவில்லை.
இருட்டுக்குள் செபமாலை என் முழங்கையைப் பிடித்தான்.
இடமிருந்து எண்ணுகிறான் என்று தெரிந்தது.
நான் அதற்குள் இரண்டுதரம் எண்ணி முடித்திருந்தேன்.

மீன்கொத்தி தலைகீழாய்ப் பாய்ந்து
ஒரு பஸ்சைத் தூக்கினான்.
பிள்ளைகள் கைதட்டினார்கள். நாங்களும் தட்டினோம்,
நல்லாய்த்தான் தூக்கினான்.

வெளியே பனி ஒரு முடிவுக்கு வந்திருந்தது.
கார்க் கண்ணாடியைச் சுரண்டிக்கொண்டு
"சாமான் திறம்" என்றான் செபமாலை.
சுரண்டினான். நிறுத்தினான்.
"பஸ் தூக்கத் தெரிஞ்சவனுக்கு
அண்டைக்கு ஒரு பிளேனை மறிக்கத் தெரியேல்லைப் பார்."

தன் பக்கத்தை மட்டும் துடைத்துவிட்டு ஏறிவிட்டான்.
வீடு வரும்வரை
என் பக்கக் கண்ணாடியில்
வெள்ளையைத் தவிர ஒன்றும் ஓடவில்லை.